‘எதுவரைக்கும்?’ என்று கேட்கும் ஜெபம்: சங்கீதங்களின் வழியே நம்பிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

கொங்கு நாட்டில் ஒரு கிறிஸ்தவ வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கும் வசனக் காலண்டரிலோ நிலைப்படிக்கு மேலுள்ள பலகையிலோ சங்கீதத்திலிருந்து ஒரு வரியைப் பெரும்பாலும் பார்க்கலாம். சங்ககிரிப் பக்கத்து லாரிகளின் முன்கண்ணாடியிலும் ‘கர்த்தர் என் மேய்ப்பர்’ என்ற வரி நெடுஞ்சாலைகளெங்கும் பயணம் போகிறது. பிரசவத்துக்குப் போகும் மகளின் தலையணைக்கடியில் 91-ஆம் சங்கீதத்தைத் திறந்து வைப்பவர்களும், இறந்தவரை அடக்கம் செய்து திரும்பிய இரவில் 90-ஆம் சங்கீதத்தை வாசிப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இத்தனை பழக்கமான புத்தகமாயிருந்தும், துன்பத்தில் இருக்கும் ஒருவர் முதன்முறையாக இதை முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினால் சற்றுத் திகைத்துத்தான் போவார். காலண்டரில் பார்த்த ஆறுதல் வரிகளுக்கு இடையிடையே அழுகையும் முறையீடும் கோபமும், சில இடங்களில் கடவுளையே குற்றஞ்சாட்டுவதுபோன்ற கேள்விகளும் அவருக்கு எதிர்ப்படும். அவற்றைத் தாண்டிப் போகாமல் அங்கேயே நின்று வாசித்தால்தான், கிறிஸ்தவர்கள் நம்பிக்கை என்று எதைச் சொல்கிறார்கள் என்பது விளங்கும் என்பது என் கருத்து. அதனால் இக்கட்டுரையில் பெரும்பகுதியை அந்த முறையீட்டுப் பாடல்களுக்கே ஒதுக்குகிறேன்.

முதலில் புத்தகத்தைப் பற்றிச் சிறிது. சங்கீதம் என்பது பழைய ஏற்பாட்டில் உள்ள 150 ஜெபப் பாடல்களின் தொகுப்பு. கத்தோலிக்கர் இதைத் திருப்பாடல்கள் என்பர். யூதர்கள் தம் ஆலய வழிபாட்டிலும் யாத்திரையிலும் வீட்டிலும் பல நூற்றாண்டுகளாகப் பாடிவந்தவை ஐந்து பகுதிகளாகத் தொகுக்கப்பட்டுள்ளன. இஸ்ரவேலின் அரசரான தாவீதின் பெயர் 73 சங்கீதங்களின் தலைப்பில் காணப்படுகிறது, ஆசாப், கோராகின் புத்திரர், மோசே ஆகியோர் பெயர்களும் உண்டு, பெயரில்லாதவையும் பல. கோயம்புத்தூரில் 1830-இல் லண்டன் மிஷன் பணி தொடங்கிய வழியில் வந்த சபைகளில் ‘கர்த்தர்’ என்று வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு வழங்குகிறது. கத்தோலிக்கர் 1995-இல் வெளிவந்த திருவிவிலியத்தில் ‘ஆண்டவர்’ என்று வாசிக்கிறார்கள். நான் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவன் ஆதலால் பழைய மொழிபெயர்ப்பையே பெரும்பாலும் மேற்கோள் காட்டுகிறேன். எபிரெய மொழியில் இந்தப் புத்தகத்தின் பெயருக்குத் ‘துதிகள்’ என்று பொருள். ஆனால் உள்ளே இருப்பவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை புலம்பல்கள். துதி என்ற தலைப்பின்கீழ் இத்தனை புலம்பலைச் சேர்த்தவர்கள் தெரிந்தேதான் சேர்த்திருக்க வேண்டும்.

புலம்பல் சங்கீதம் எப்படி அமைந்திருக்கும் என்பதற்கு, ஆறே வசனங்கள் கொண்ட 13-ஆம் சங்கீதம் போதும். அது இப்படித் தொடங்குகிறது: “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர், எதுவரைக்கும் உம்முடைய முகத்தை எனக்கு மறைப்பீர்?” முதலிரண்டு வசனங்களுக்குள் ‘எதுவரைக்கும்’ என்ற சொல் நான்கு முறை வருகிறது. முதலிரண்டு முறை கேள்வி கடவுளைப் பற்றியது. மூன்றாவது தன் நெஞ்சுக்குள் நித்தம் நித்தம் புரளும் சஞ்சலத்தைப் பற்றியது. நான்காவது தன்மேல் ஓங்கி நிற்கும் சத்துருவைப் பற்றியது. மேலே பார்த்து, உள்ளே பார்த்து, வெளியே பார்த்து, மூன்று பக்கமும் வழி அடைபட்ட ஒருவனின் குரல் இது. மூன்றாம் வசனத்தில் அவன் முறையீட்டை விட்டு விண்ணப்பத்துக்கு வருகிறான்: “நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்.” ஐந்தாம் வசனத்தில் ஒரு திருப்பம் நேர்கிறது: “நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்.” ஆறாம் வசனத்தில் பாடுவேன் என்று வாக்குக் கொடுத்து முடிக்கிறான். நான்காம் வசனத்துக்கும் ஐந்தாம் வசனத்துக்கும் இடையில் நிலைமை மாறிற்று என்றோ சத்துரு விழுந்தான் என்றோ பாடலில் ஒரு சொல்லும் இல்லை.

இந்தச் சங்கீதத்தை நான் சரியாகக் கேட்டது 2017-ஆம் ஆண்டுக் கோடையில். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்துப்போய், அந்த ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்திருந்தது. காங்கேயத்துக்கு அருகில் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் தென்னந்தோப்பில் மட்டைகள் ஒவ்வொன்றாகத் தொங்கிக்கொண்டிருந்தன. கடன் வாங்கி ஒரு போர் போட்டார்கள். தொள்ளாயிரம் அடி தாண்டியும் குழாய் வாயில் வெள்ளைப் புழுதிதான் எழும்பிற்று. பார்த்துக்கொண்டு நின்ற எங்கள் தலைமயிரெல்லாம் அந்தப் புழுதி படிந்து நரைத்தாற்போல் ஆகிவிட்டது. அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அமுச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு 13-ஆம் சங்கீதத்தை எடுத்து, ஒவ்வொரு ‘எதுவரைக்கும்’ என்ற சொல்லுக்குப் பிறகும் சற்று நிறுத்தி வாசித்தார். ஜெபம் முடிந்ததும் நான், “கடவுளையே இப்படிக் கேக்கலாமுங்களா, அமுச்சி?” என்றேன். “அவருகிட்டக் கேக்காம வேற யாருகிட்டப் போய்க் கேக்கறது, கண்ணு? கேக்காம மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் படுத்தாத்தான் அவரு வேண்டாமுன்னு ஆயிப்போகும்” என்றார்.

அன்றிரவு மழை பெய்யவில்லை. அந்தக் கோடை முடியுமுன் தென்னைகளில் பாதிக்குமேல் பட்டுப்போயின. ஆயினும் அமுச்சி சொன்ன அந்த ஒரு வாக்கியம், புலம்பலுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள உறவைப் பிற்பாடு நான் கேட்ட பல பிரசங்கங்களைவிடத் தெளிவாக விளக்கிற்று. முறையிடுகிறவன் இன்னும் உறவை விடவில்லை. கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கேட்கும் கடமையும் இருக்கிறது என்று நம்புகிறவன்தான் ‘எதுவரைக்கும்’ என்று கேட்பான். நம் ஊரில் உறவுக்குள்தானே ஒருவரை உரிமையோடு ஏசுகிறோம்? அயலாரிடம் மரியாதையாகப் பேசி வந்துவிடுகிறோம். “ஜனங்களே, எக்காலத்திலும் அவரை நம்புங்கள்; அவர் சமுகத்தில் உங்கள் இருதயத்தை ஊற்றிவிடுங்கள்” என்கிறது 62-ஆம் சங்கீதம். நம்புவதும் ஊற்றிவிடுவதும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊற்றுவது என்றால் அடிமண்டியும் சேர்ந்துதான் வரும்.

அப்படியானால் அந்த ஐந்தாம் வசனத்துத் திருப்பம் எங்கிருந்து வருகிறது? விடை ‘கிருபை’ என்ற சொல்லில் இருக்கிறது. அதற்கு மூலத்தில் உள்ள எபிரெயச் சொல் ‘ஹெசெத்’. இரக்கம் என்ற பொருளோடு, கொடுத்த வாக்கிலிருந்து மாறாத பற்று என்ற பொருளும் அதில் அடங்கியிருக்கிறது. உடன்படிக்கை செய்துகொண்ட ஒருவர், மற்றவர் தடுமாறினாலும் தாம் தடுமாறாமல் நிற்பதே ஹெசெத். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனங்கள். ஒவ்வொன்றும் ‘அவர் கிருபை என்றுமுள்ளது’ என்றே முடிகிறது. ஆராதனையில் போதகர் முதற்பாதியைச் சொல்லச் சபையார் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது சிறுவயதில் எனக்கு அலுப்பாக இருக்கும். வளர்ந்தபின் முற்பாதிகளைக் கவனித்தேன். அங்கே படைப்பும், எகிப்திலிருந்து மீட்ட கதையும், செங்கடலும், வனாந்தரப் பயணமும் வரிசையாக வருகின்றன. நடந்தவற்றைச் சொல்லிச் சொல்லித்தான் ‘என்றுமுள்ளது’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். 77-ஆம் சங்கீதத்தில் தூக்கமில்லாமல் தவிக்கும் ஒருவர், ‘தேவன் இரக்கஞ்செய்ய மறந்தாரோ’ என்றுகூடக் கேட்டுவிட்டு, “கர்த்தருடைய செயல்களை நினைவுகூருவேன்” என்று தம் மனத்தைத் திருப்புகிறார். நம்பிக்கை இங்கே நினைவிலிருந்து முளைக்கிறது. நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்ற மனத்தெம்பு நல்லதுதான். ஆனால் மருத்துவரின் ஒரு சீட்டில் அது ஆட்டங்கண்டுவிடும். சங்கீதக்காரர் பிடித்துக்கொள்வது நாளைய நிலவரத்தை அன்று. நேற்றுவரை வாக்கு மாறாத ஒருவரை.

சங்கீதங்களில் நம்பிக்கைக்குப் பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு சொல் ‘காத்திருத்தல்’. “கர்த்தருக்குக் காத்திருக்கிறேன், என் ஆத்துமா காத்திருக்கிறது, அவருடைய வார்த்தையை நம்பியிருக்கிறேன்” என்கிறது 130-ஆம் சங்கீதம். இங்கே காத்திருத்தலுக்குள்ள எபிரெய வினைச்சொல் ‘காவா’. அதன் ஒலியோடு ஒட்டிய ‘காவ்’ என்ற பெயர்ச்சொல்லுக்கு நூல் அல்லது கயிறு என்று பொருள். இரண்டுக்கும் ஒரே வேர் என்று கருதும் அறிஞர்கள், இழுத்துக் கட்டிய கயிற்றின் விறைப்பைப் போன்றது இந்தக் காத்திருத்தல் என்று விளக்குவர். அடுத்த வசனம் அதற்கு ஓர் உவமை தருகிறது: விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைவிட (இரவுக் காவலரைவிட) அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது. பின்னிரவில் மும்முனை மின்சாரம் வரும் முறையன்று, மோட்டார் ரூம் திண்ணையில் துண்டை விரித்து, மண்வெட்டியைப் பக்கத்தில் சாத்திவைத்துக்கொண்டு, பச்சை விளக்கு எப்போது எரியும் என்று அரைத்தூக்கத்தில் கிடந்தவர்களுக்கு இந்த வசனம் எளிதில் பிடிபடும். அப்படிக் கிடப்பவர் நினைத்தால் மின்சாரத்தை வரவழைக்க முடியாது. எழுந்து வீட்டுக்குப் போகவும் மனம் வராது. ஜாமக்காரரின் நிலை அதைவிட ஒருபடி மேல். மின்சாரம் சில நாள் வராமலும் போகும்; விடியல் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. அதனால் அவர் காத்திருப்பில் ஐயம் இல்லை. நீளம் மட்டும் உண்டு. சங்கீதக்காரரின் காத்திருப்பும் அவ்வாறே.

நம் மண்ணில் நின்று வாசித்தால் சில சங்கீதங்கள் இன்னும் நெருங்கி வரும். 23-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்வோம். காலண்டர்ப் படங்களில் வரும் பச்சைப் பசேலென்ற புல்வெளியை மறந்துவிட வேண்டும். தாவீது ஆடு மேய்த்த பெத்லகேமுக்குக் கிழக்கே சவக்கடலை நோக்கிச் சரியும் நிலம் மழை மறைவுப் பகுதி. பாறையும் புழுதியும், மழைக்குப்பின் ஆங்காங்கே தலைகாட்டும் புல்லும்தான் அங்கே உண்டு. நம் காங்கேயம், தாராபுரம் பக்கங்களும் மழை மறைவுப் பகுதியே. ஆனால் நம் முன்னோர் கிளுவை முள்வேலி போட்டுக் கொழுக்கட்டைப்புல்லைக் காத்து, அதைக் கொறங்காடு ஆக்கினார்கள். ஆட்டைக் கொறங்காட்டுக்குள் விட்டுப் படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் வீட்டுக்குப் போய் வேறு வேலை பார்க்கலாம். யூதேயாவின் வனாந்தரத்தில் வேலியும் இல்லை, படலும் இல்லை. இன்றைய மேய்ச்சல் எங்கே என்று ஆட்டுக்குத் தெரியாது; மேய்ப்பர் முன்னே நடந்தால்தான் உண்டு. “அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து” என்ற வரியில் ஓராண்டுக்குச் சேமித்த வளம் இல்லை. இன்றைக்குப் போதுமானது இருக்கிறது, நாளைக்கு அழைத்துப்போக ஒருவர் இருக்கிறார். இன்னொன்றையும் கவனிக்கலாம். முதல் மூன்று வசனங்களில் மேய்ப்பரை ‘அவர்’ என்று படர்க்கையில் பேசியவர், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்தவுடன் “தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்” என்று முன்னிலைக்கு மாறிவிடுகிறார். வெளிச்சத்தில் கடவுளைப் பற்றிப் பேசியவர், இருட்டில் கடவுளோடு பேசத் தொடங்குகிறார்.

121-ஆம் சங்கீதத்தில் புதியவர் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பம் உண்டு. பழைய மொழிபெயர்ப்பில் “எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்” என்று வாசிக்கும்போது, ஒத்தாசை மலைகளிலிருந்து வருவதுபோலத் தோன்றும். மூலத்தில் அது ஒரு கேள்வி, திருவிவிலியம் “எங்கிருந்து எனக்கு உதவி வரும்?” என்று அதைத் தெளிவாகவே தருகிறது. எருசலேமுக்கு ஏறிச்செல்லும் யாத்திரிகர்கள் பாடிய 15 பாடல்களில் இது ஒன்று. கள்வர் பதுங்கியிருக்கக்கூடிய மலைவழியை ஏறிட்டுப் பார்க்கும்போது எழுகின்ற கேள்வியாகவும் இதைக் கொள்ளலாம். அடுத்த வசனத்தில் விடை மலையைத் தாண்டிப் போய்விடுகிறது: வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து.

126-ஆம் சங்கீதத்தில், “தெற்கத்தி வெள்ளங்களைத் திருப்புவதுபோல, எங்கள் சிறையிருப்பைத் திருப்பும்” என்று வருகிறது. தெற்கத்தி என்பது யூதேயாவுக்குத் தெற்கேயுள்ள நெகேவ் என்ற வறண்ட நாடு. அங்குள்ள ஓடைகள் ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும். எங்கோ தொலைவில் பெய்த மழையால் திடீரென்று புரண்டு வரும். வெள்ளியங்கிரி மலையில் கொட்டிய மழை, மேகமே இல்லாத ஊர்களில் நொய்யலில் நுரைத்து ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. அதே சங்கீதம் தொடர்ந்து சொல்கிறது: “கண்ணீரோடே விதைக்கிறவர்கள் கெம்பீரத்தோடே அறுப்பார்கள்.” விதைக்கும்போது ஏன் கண்ணீர்? மானாவாரிக் கடலைக்காட்டு வீடுகளில் அதற்கு விடை உண்டு. பஞ்சகாலத்தில் அடுக்குப்பானையில் மிஞ்சியிருப்பது விதைக்கடலை மட்டும். பிள்ளைகள் பசிக்கிறது என்று அந்தப் பானையைப் பார்க்கும். தாய் அதைத் தொடவிடமாட்டாள். மழை வந்தவுடன், பிள்ளையின் வாயிலிருந்து எடுத்ததைப்போல அந்தப் பருப்பை மண்ணுக்குள் போடுகிறாள். கையில் உள்ள கடைசி உணவைக் கண்ணுக்குத் தெரியாத அறுவடைக்காக மண்ணிடம் ஒப்படைப்பது அழுகையில்லாமல் நடக்கிற காரியம் இல்லை. அழுதுகொண்டே அவள் விதைத்துவிட்டாள் என்பதுதான் அங்கே நம்பிக்கை. “நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்” என்று 56-ஆம் சங்கீதமும் இதையே சொல்கிறது. பயம் நீங்கியபின் நம்புவேன் என்று அது சொல்லவில்லை.

இனி, தவறிப்போகக்கூடிய ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புத்தாண்டு ஆராதனையில் அந்த ஆண்டுக்கென ஒரு வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை எடுக்கும் பழக்கத்தின் பேரில் எனக்கு அன்பு உண்டு. ஆனால் ஒரு வரியைத் தனியே பிய்த்தெடுத்து, இது இந்த ஆண்டு எனக்கு நடந்தே தீரவேண்டும் என்று கடவுளைக் கட்டிப்போடுவது சங்கீதங்களின் நம்பிக்கை ஆகாது. 91-ஆம் சங்கீதத்தில், தூதர்கள் உன் பாதம் கல்லில் இடறாதபடி ஏந்திக்கொள்வார்கள் என்ற வாக்கு வருகிறது. அந்த வாக்கைத்தான் சாத்தான் எடுத்துக்காட்டி, ஆலயத்தின் உச்சியிலிருந்து குதிக்கும்படி இயேசுவைத் தூண்டினான் என்று மத்தேயு தம் நற்செய்தியில் எழுதுகிறார். இயேசு அந்த வசனத்தைப் பொய் என்று தள்ளவில்லை. அதைக்கொண்டு பிதாவைச் சோதித்துப் பார்க்க மறுத்துவிட்டார்.

கேட்டது கிடைக்காமலே முடிகிற சங்கீதமும் உண்டு. 88-ஆம் சங்கீதத்தில் திருப்பம் என்பதே இல்லை. “எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்” என்று இருட்டிலேயே அது முடிந்துவிடுகிறது. நீண்டநாள் மனச்சோர்வில் இருப்பவர்களுக்கும், பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கும் வேறெந்தப் பகுதியையும்விட இது துணையாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன். தங்கள் நிலையைச் சொல்லும் சொற்கள் வேதத்துக்குள்ளேயே இருக்கின்றன, அவற்றைச் சொல்வதற்காக யாரும் தங்களைச் சபைக்கு வெளியே தள்ளவில்லை என்பதே அவர்களுக்குப் பெரிய ஆறுதல். அந்த இருண்ட பாடலும் “என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே” என்றுதான் தொடங்குகிறது.

கிறிஸ்தவர்கள் இந்தப் பாடல்களை இயேசுவின் வாயிலிருந்தும் கேட்கிறார்கள். சிலுவையில் அவர் “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்று கதறியது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி. “உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்று அவர் உயிர்விட்டது 31-ஆம் சங்கீதத்தின் வரி. கைவிடப்பட்டேன் என்ற முறையீடும் ஒப்புவிக்கிறேன் என்ற நம்பிக்கையும் ஒரே நாளில், ஒரே சிலுவையில், ஒரே நாவிலிருந்து வந்தன. பெந்தெகொஸ்தே என்ற யூதத் திருநாளில் இயேசுவின் சீடர் பேதுரு, என் ஆத்துமாவைப் பாதாளத்தில் விடீர் என்ற 16-ஆம் சங்கீதத்தை எடுத்து, அது இயேசு உயிர்த்தெழுந்ததில் நிறைவேறிற்று என்று பிரசங்கித்தார். அதனால் கிறிஸ்தவர் ‘எதுவரைக்கும்’ என்று கேட்கும்போது, அதே கேள்வியின் அடிமட்டம்வரை இறங்கி மூன்றாம் நாள் எழுந்த ஒருவரோடு சேர்ந்து கேட்கிறார். கிறிஸ்தவ நம்பிக்கை மரணத்தின் கரையில் நின்றுவிடாததற்கு அந்த உயிர்த்தெழுதலே காரணம்.

புதிதாக வாசிக்கத் தொடங்குவோர் 150-ஐயும் வரிசையாக முடிக்கவேண்டும் என்று மலைக்க வேண்டாம். 13-இல் தொடங்கி, 42, 43 இரண்டையும் ஒரே பாடலாகச் சேர்த்து வாசிக்கலாம், “என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?” என்று தன்னைத்தானே கேட்கும் பல்லவி அவற்றில் மூன்று முறை வருகிறது. பிறகு 130, 121, 126 என்று போய், நன்கு தெரிந்ததாக நாம் நினைக்கும் 23-க்குத் திரும்பி வரலாம். வாய்விட்டு வாசிப்பது முக்கியம்; இவை காதுக்காக எழுதப்பட்டவை. ‘எதுவரைக்கும்’ என்ற சொல் வரும்போது நிறுத்தி, நம் காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்லலாம்: ஸ்கேன் முடிவு, கட்டமுடியாத தவணை, பேசாமல் போன மகன், எதுவானாலும். ஐந்தாம் வசனம் அன்றைக்கு வாயில் வரவில்லையென்றால் வலிந்து சொல்லவேண்டியதில்லை. அமுச்சியின் வேதாகமத்தில், தறிக்கூடத்திலிருந்து எடுத்து வந்த ஒரு நீளமான பாவுநூல் பக்க அடையாளமாகக் கிடக்கும். அந்தக் கோடையில் சில இரவுகள் அவர் நான்காம் வசனத்தோடு வாசிப்பை நிறுத்தி, அந்த நூலை அங்கேயே வைத்து மூடிவிட்டு, மறுநாள் இரவு மீண்டும் முதல் வசனத்திலிருந்து தொடங்கினார்.